யாமாவை நிறுத்திய தம்பி இரண்டு நாளாகத் தூங்குகிறான், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டுமா?

பெகு_தாமரை | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். இதுவரை இங்கே படித்துவிட்டுப் போவதோடு சரி, எழுதியதில்லை. இப்போது கேட்க வேறு ஆள் இல்லை.

தம்பிக்கு 26 வயது. மூன்று வருஷத்துக்கு முன் பர்மாவின் வடக்கே பாகண்ட் பக்கம் ஜேட் கல் பொறுக்கப் போனான். ராத்திரியெல்லாம் மண்மேட்டில் நிற்க வேண்டுமாம், தூக்கம் வராமல் இருக்க யாமா என்கிற போதை மாத்திரை. முதலில் பாதி மாத்திரை, அப்புறம் ஒன்று, அப்புறம் கணக்கே இல்லை. இந்தத் தண்ணீர்த் திருவிழாவுக்கு வீட்டுக்கு வந்தபோது ஆள் பாதியாகியிருந்தான். இரண்டு கடைவாய்ப் பல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று ஜன்னல் இடுக்கிலெல்லாம் துணி அடைத்தான். கையில் பூச்சி ஊர்கிறது என்று நகத்தால் தோண்டித் தோண்டிப் புண்ணாக்கி வைத்திருக்கிறான்.

ஞாயிறு காலை அம்மா காலில் விழாத குறையாக அழுதபிறகு, காளி படத்துக்கு முன்னால் கற்பூரத்தில் கைவைத்து இனித் தொடமாட்டேன் என்றான். ஞாயிறு ராத்திரி படுத்தவன் இன்னும் சரியாக எழவில்லை. மூன்று முறை எழுந்தான், மூன்று முறையும் சோற்றுப் பானையோடு உட்கார்ந்தான், மறுபடி படுத்துவிட்டான். தலையணை உறையை மாற்றும்போது, மாத்திரையை வைத்துச் சூடாக்கிப் புகை இழுக்கிற கருகிய வெள்ளித்தாள் துண்டுகள் கொட்டின. லுங்கியெல்லாம் கேக் வேகிற மாதிரி ஒரு இனிப்பு வாசனை.

மாமா, சங்கிலி போட்டுக் காவல் வைக்கிற ஒரு இடத்துக்கு அனுப்பச் சொல்கிறார். அம்மா, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்கிறாள். நான் அவன் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யாராவது சொல்லுங்கள்.


வார்டு_சிஸ்டர் | செவ்வாய், இரவு 10.05

தாமரை, நான் ரங்கூனில் மனநல வார்டில் 19 வருஷம் நர்ஸாக இருந்தவள். முதலில் இதற்குப் பதில் சொல்லம்மா, மற்றதை அப்புறம் பேசலாம்.

குடிப்பானா, தினமுமா? தூக்க மாத்திரை போட்டானா? ஹெராயின், அபின், கோடீன் கலந்த இருமல் மருந்து, ட்ராமடால் வலி மாத்திரை ஏதாவது உண்டா? எழுப்பினால் எழுகிறானா, உன் பெயரைச் சொல்கிறானா? உடம்பு சுடுகிறதா? நெஞ்சு வலி, மூச்சு வாங்கல் உண்டா? சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போகிறதா? செத்துப்போகிறேன் என்கிற மாதிரி ஏதாவது சொன்னானா?


பெகு_தாமரை | செவ்வாய், இரவு 10.31

எழுப்பினால் எழுகிறான் சிஸ்டர். "அக்கா, விடு" என்றான். காய்ச்சல் இல்லை. தினமும் குடிப்பதில்லை. அவன் பையைத் தேடினேன். டயசிபாம் அட்டை மூன்று கிடைத்தது, இரண்டு காலி. மூன்றாவதில் நாலு மாத்திரை பாக்கி. கேட்டதற்கு, யாமா இழுத்த ராத்திரிகளில் தூங்குவதற்காக இரண்டு மாதமாகப் போடுவதாகச் சொன்னான். ஞாயிற்றிலிருந்து அதையும் நிறுத்திவிட்டானாம். எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டால்தான் சத்தியம் சத்தியமாம்.


வார்டு_சிஸ்டர் | செவ்வாய், இரவு 10.48

அப்படியானால் விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. இன்று ராத்திரி யாராவது ஒருவர் அதே அறையில் இருக்க வேண்டும். மல்லாக்கப் படுக்க விடாதே, ஒருக்களித்துப் படுக்க வை. எழுப்பியும் எழவில்லை, கை கால் வெட்டி இழுக்கிறது, பிதற்றுகிறான் என்றால் விடியும்வரை காத்திருக்காதே.

ஏன் அவசரப்படுத்துகிறேன் என்றால், யாமாவை மட்டும் நிறுத்தினால் பொதுவாக உடம்பு ஆபத்துக்குப் போகாது. தூக்கம், பசி, அசதி, எரிச்சல், அவ்வளவுதான். நீ பார்க்கிற தூக்கம் அதுதான். மாதக்கணக்கில் உடம்பு கடன் வாங்கிய தூக்கத்தை இப்போது திருப்பிக் கேட்கிறது. ஆனால் டயசிபாம் வேறு கதை. இரண்டு மாதம் தினமும் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். அது உடம்பில் நெடுநாள் தங்குகிற மருந்து, அதனால் மூன்றாம் நாளும் வரலாம், பத்தாம் நாளும் வரலாம். அவன் நல்ல எண்ணத்தில்தான் நிறுத்தியிருக்கிறான். ஆனால் அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதை டாக்டர்தான் செய்ய வேண்டும்.

அந்த அட்டைகளைக் கையோடு எடுத்துக்கொண்டு போ. ஒளிக்காதே. எதையும் ஒளிக்காதே.


தட்டோன்_ஐயா | புதன், காலை 6.15

தாயி, ஆஸ்பத்திரி ஊசியெல்லாம் எதற்கு? எங்கள் ஊரில் இரண்டு பையன்களை மடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். பிக்கு காலையில் எழுப்பித் தியானத்தில் உட்கார வைத்தார், மூலிகைக் கஷாயம் கொடுத்தார். ஒரு மாதத்தில் ஒருவன் தேறி வந்தான். நம்மவர்களுக்குக் கோயில் இருக்கிறது. விரதம் இருந்து தீமிதித்தால் மனசு கட்டுப்படும். மருந்துக்கு மருந்து தீர்வாகாது.


லாரிக்காரன்_மோல்மின் | புதன், காலை 7.02

ஐயா, உங்களை எதிர்த்துப் பேச வரவில்லை. அந்த இன்னொரு பையன் என்ன ஆனான்?


தட்டோன்_ஐயா | புதன், காலை 7.20

மடத்திலிருந்து ஓடிவிட்டான். இப்போது சிறையில் இருப்பதாகக் கேள்வி.


லாரிக்காரன்_மோல்மின் | புதன், காலை 8.10

நான் நாலு வருஷமாகத் தொடவில்லை. அதற்கு முன் ஒன்பது வருஷம் மோல்மினுக்கும் மியாவடிக்கும் நடுவே லாரி ஓட்டியபோது தினமும் இழுத்தேன். யாமா என்றால் குதிரை மருந்து என்று அர்த்தம், தாய்லாந்தில் வைத்த பெயர். அவர்களே 1996ல் அந்தப் பெயரை மாற்றி யாபா, அதாவது பைத்திய மருந்து என்று வைத்தார்கள். நமக்குப் பழைய பெயரே தங்கிவிட்டது. ரோஸ் நிற மாத்திரை, மேலே டபிள்யூ ஒய் என்று இரண்டு எழுத்து. அதில் மெத், அதாவது மெத்தாம்ஃபெட்டமின் என்கிற போதைப்பொருள், கொஞ்சம்தான், மீதியில் பெரும்பாகம் காஃபின். அதனால் நிறுத்தின முதல் இரண்டு நாள் மண்டையைப் பிளக்கிற தலைவலியும் வரும், அதற்குப் பயந்துவிடாதீர்கள் தாமரை.

நான் மூன்று தடவை நிறுத்தினேன். முதல் தடவை என் அண்ணன் மாட்டுக்கொட்டகையில் கட்டிப்போட்டார். எட்டு நாள். முதல் மூன்று நாள் நான் தூங்கினதால், பையன் அடங்கிவிட்டான் என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நாலாம் நாள்தான் ஆரம்பித்தது. ஒன்றிலும் ருசி இல்லை. சோறு மண், பேச்சு இரைச்சல். என் மகள் மழலையில் ஏதோ சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள், எனக்கு உள்ளே எதுவும் அசையவில்லை. பெற்ற பிள்ளையைப் பார்த்தே ஒன்றும் தோன்றவில்லையே, இனி இந்த உயிர் எதற்கு என்று நினைத்தேன். கட்டிப்போட்டவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. ஓடிவிடுவேனா என்று மட்டும்தான் பார்த்தார்கள். அவிழ்த்த அன்றைக்கே போய் இழுத்தேன்.

மூன்றாவது தடவை ஆஸ்பத்திரியில் பதினாறு நாள். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா தினமும் காலையில் வந்து கேட்பார், "அண்ணே, இன்றைக்குச் சாகணும்னு தோணுதா?" பச்சையாக, அப்படியே. முதல் நாள் கோபம் வந்தது. அஞ்சாம் நாள் "ஆமாம்" என்றேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த ஒரு கேள்வியால்தான் நான் இன்று டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன்.


தட்டோன்_ஐயா | புதன், காலை 8.34

தம்பி, படித்தேன். கோயிலை நான் விடச் சொல்லமாட்டேன். ஆனால் முதலில் டாக்டர், பிறகு கோயில் என்று மாற்றிச் சொல்கிறேன்.


பெகு_தாமரை | புதன், மாலை 4.55

சேர்த்துவிட்டோம். மாமா முதலில் மறுத்தார், அப்புறம் அவரே டாக்ஸிக்குக் காசு கொடுத்தார். வழியெல்லாம் தம்பி என் தோளில் சாய்ந்து தூங்கினான். போலீஸில் பிடித்துக் கொடுப்பார்களா என்று மட்டும் இரண்டு முறை கேட்டான்.

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை, பொட்டாசியம், சிறுநீரகம், தசைச் சிதைவு, எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை இரண்டு வகை, எல்லாவற்றுக்கும் எடுத்தார்கள். நெஞ்சு எக்ஸ்ரே, சிறுநீர் சோதனை. டயசிபாமைத் திரும்பக் கொடுத்து வாரா வாரம் குறைப்பார்களாம். போதைக்கு வந்தவனுக்கு அதே மாத்திரையைக் கொடுக்கிறார்களே என்று அம்மா அழுகிறாள். நான் சிஸ்டர் எழுதினதைக் காட்டினேன்.


கடல்காற்று | புதன், இரவு 8.20

ரங்கூனில் பிறந்து இப்போது சென்னையில் மனநல மருத்துவராக இருக்கிறேன். பார்க்காத நோயாளிக்கு மருந்து சொல்லமாட்டேன், பொதுவாகச் சிலவற்றைச் சொல்லலாம்.

அபின், ஹெராயினுக்கு மெத்தடோன் இருக்கிறது, பர்மாவில் 2006 முதல் கொடுக்கிறார்கள். அதைக் கேட்டு, "மெத்துக்கும் ஏதாவது கொடுங்கள்" என்று குடும்பங்கள் கெஞ்சும். மெத்துக்கு அப்படி ஒரு மாற்று மருந்து இன்றுவரை இல்லை. எனவே ஆஸ்பத்திரியில் செய்வது தாங்கிப் பிடிப்பதுதான். படபடப்பு மிஞ்சினால் சில நாளுக்கு டயசிபாம் வகை, சுவர் பேசுகிறது, பூச்சி ஊர்கிறது என்கிற நிலைக்கு ஓலன்சபைன் போன்ற மருந்து, சாப்பாடு, தண்ணீர், தூக்கம், கண்காணிப்பு. இந்தச் சந்தேகமும் பிரமையும் பலருக்கு நிறுத்திய சில நாள்களில், அல்லது ஓரிரு வாரத்தில் அடங்கும். ஒரு மாதம் தாண்டியும் இருந்தால் வேறு மனநோய் உண்டா என்று பார்க்க வேண்டும்.

கால அளவு: மெத் ரத்தத்தில் பாதியாகக் குறைய 10 முதல் 12 மணி நேரம். இரண்டு மூன்று நாளில் உடம்பை விட்டுப் பெரும்பாலும் போய்விடும். "உடம்பு சுத்தமாகிவிட்டது, கூட்டிப் போகலாமா?" என்று நாலாம் நாள் கேட்பார்கள். லாரிக்காரன் சொன்ன நாலாம் நாள் அதுதான். கடுமையான கட்டம் 7 முதல் 10 நாள். பிறகும் சோர்வு, தூக்கக் குழப்பம், எதிலும் பிடிப்பில்லாமை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீளும். மூளையில் டோபமைனை, சந்தோஷத்தோடும் ஊக்கத்தோடும் சம்பந்தப்பட்ட ரசாயனத்தை, கையாளுகிற அமைப்பு தேய்ந்துபோயிருக்கிறது. ஒரு வருஷத்துக்கும் மேல் தொடாமல் இருந்தவர்களை ஸ்கேன் செய்து பார்த்தபோது அதில் ஒரு பகுதி மீண்டிருந்தது தெரிந்தது. மெதுவாகத்தான் மீளும், ஆனால் மீளும்.

மருந்து ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. 2021ல் அமெரிக்காவில் 403 பேரை வைத்து ஒரு சோதனை முடிவு வந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு நால்ட்ரெக்ஸோன் ஊசி, கூடவே தினமும் புப்ரோபியான் மாத்திரை. 13.6 சதவீதம் பேருக்குப் பலன், போலி மருந்து எடுத்தவர்களில் 2.5 சதவீதம். சின்ன வெற்றிதான், ஆனால் உண்மையான வெற்றி. ஒரு எச்சரிக்கை: உடம்பில் ஹெராயினோ ட்ராமடாலோ இருக்கும்போது அவற்றைத் தடுக்கிற நால்ட்ரெக்ஸோன் போட்டால் ஆள் துடித்துப்போவார். சிஸ்டர் முதலில் கேட்ட கேள்விகள் எவ்வளவு முக்கியம் என்று இதிலும் தெரியும்.

இப்போதைக்கு அதிகம் பலன் தருவது மருந்தே இல்லை. சிறுநீர் சோதனை சுத்தமாக வந்தால் உடனே, அதே இடத்தில், ஒரு சின்னப் பரிசு. சுத்தமாக வராவிட்டால் திட்டு கிடையாது, அன்றைக்குப் பரிசு மட்டும் கிடையாது. தொடர்ந்து சுத்தமாக வந்தால் பரிசு பெரிதாகும். கேட்க அற்பமாக இருக்கும். சாதாரண சந்தோஷங்கள் வேலை செய்யாத மூளைக்கு, உடனே கையில் கிடைக்கிற ஒன்று பிடி கொடுக்கிறது.


மழைக்கால_நிலா | வியாழன், காலை 9.12

தாமரையின் தம்பி கேட்ட கேள்வி எனக்கும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கேஸ் ஆகுமா? என் வீட்டுக்காரரை இந்தப் பயத்தில்தான் இன்னும் கூட்டிப் போகவில்லை.


லாரிக்காரன்_மோல்மின் | வியாழன், காலை 9.50

பர்மாவின் 1993 போதைப்பொருள் சட்டப்படி, உபயோகிக்கிறவர் சிகிச்சைக்குப் பதிவு செய்துகொள்ளாவிட்டால் அதுவே சிறைக் குற்றமாக இருந்தது. 2018 திருத்தத்தில் அந்தத் தண்டனையை எடுத்துவிட்டார்கள். ஆனால் கையில் மாத்திரை வைத்திருப்பது இப்போதும் குற்றம்தான். அதனால் கிளம்பும் முன் பையையும் சட்டைப் பையையும் நீங்களே சோதியுங்கள் அக்கா. பயத்தில் தள்ளிப்போடாதீர்கள்.


ஒரு_அம்மா | வியாழன், பகல் 1.30

நான் அதிகம் எழுதப் போவதில்லை. என் பையன் யாமாவும் ஹெராயினும் சேர்த்து எடுத்தவன். தனியார் இடம் ஒன்றில் இரண்டு மாதம் பூட்டி வைத்தார்கள், பெயர் வேண்டாம். டாக்டர் யாரும் வரவில்லை. திரும்பி வந்தபோது சதை போட்டிருந்தான், முகம் பளிச்சென்று இருந்தது. நான் கோழி அடித்துச் சமைத்தேன். வந்த ஆறாம் நாள் பழைய அளவிலேயே ஹெராயின் எடுத்தான். உடம்பு அந்தப் பழக்கத்தை இழந்திருந்தது என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொன்னார். முன்னால் யாரும் சொல்லவில்லை.

தாமரை, வீட்டுக்கு வரும் நாளைப் பற்றி இப்போதே டாக்டரிடம் கேள்.


வார்டு_சிஸ்டர் | வியாழன், பகல் 2.15

அம்மா, உங்கள் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

தாமரை, அம்மா சொன்னதைச் செய். வீட்டுக்கு அனுப்பும் முன் மறுபடி எப்போது வர வேண்டும் என்று நாள் குறித்து வாங்கு. டயசிபாம் உன் கையில் இருக்கட்டும், அன்றைய அளவை மட்டும் கொடு. அவன் சிம் கார்டை மாற்று, விற்கிறவன் நம்பர்களெல்லாம் அதில்தான் இருக்கும். தூங்கவில்லை என்று மருந்துக் கடையில் நீயாக எதையும் வாங்கிக் கலந்து கொடுத்துவிடாதே, நிறைய வீடுகளில் பாசத்தில் அதைச் செய்கிறார்கள். "இனித் தொடமாட்டேன் என்று இன்னொரு சத்தியம் பண்ணு" என்று கேட்காதே. சத்தியம் உடைந்தால் முகத்தைக் காட்ட வெட்கப்பட்டே ஓடிவிடுவார்கள். தவறினால் அன்றைக்கே உன்னிடம் வந்து சொல்கிற மாதிரி வைத்துக்கொள்.

அப்புறம் அந்தக் கேள்வி. நீயும் கேள். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று பயப்படாதே, வராது. ஆமாம் என்றால் தனியாக விடாதே, உடனே டாக்டரிடம் போ.


பெகு_தாமரை | அடுத்த புதன், இரவு 8.40

இன்று பதினோராம் நாள். ரத்தப் பரிசோதனையில் மஞ்சள்காமாலை சி (ஹெபடைட்டிஸ் சி) இருப்பதாக வந்திருக்கிறது, அதற்கு இப்போது குணமாக்கும் மாத்திரை உண்டு என்றார்கள். மற்றதெல்லாம் சுத்தம். வலிப்பு வரவில்லை. சுவருக்குப் பின்னால் குரல் நின்றுவிட்டது. ஆனால் ஆறாம் நாள் தண்ணீர் டம்ளரைச் சுவரில் எறிந்தான், உடனே அவனே உட்கார்ந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினான். கனவு ஓயாமல் வருகிறதாம். கனவில் இழுத்துவிட்டு, எழுந்ததும் நிஜமாக இழுத்துவிட்டோமோ என்று வியர்த்துப்போகிறானாம்.

நேற்று மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்திருந்தபோது கேட்டுவிட்டேன். நாக்கு எழவில்லை, இருந்தும் கேட்டேன். நெடுநேரம் பேசவில்லை. "நேற்று இருந்தது, இன்றைக்கு இல்லை" என்றான். இரண்டு பேரும் உள்ளே போய் நர்ஸிடம் சொன்னோம்.


லாரிக்காரன்_மோல்மின் | அடுத்த புதன், இரவு 9.05

அந்தக் கனவு எனக்கு ஒரு வருஷம் வந்தது. இப்போதும் எப்போதாவது வரும். அது தவறு செய்ததில் சேராது என்று அவனிடம் சொல்லுங்கள்.


பெகு_தாமரை | 20ஆம் நாள், இரவு 7.30

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. வாரத்துக்கு இரண்டு முறை சோதனை. சுத்தமாக வந்தால் ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் மேட்ச் பார்க்க மாமா காசு கொடுப்பதாக ஏற்பாடு. மாமாவே சொன்ன யோசனை. இரண்டும் சுத்தம். மாமாவும் கூடப் போய் உட்கார்ந்தார், யார் ஆடுகிறார்கள் என்றே அவருக்குத் தெரியாது. தட்டோன் ஐயா, வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போனான், அவனாகவே.

பாகண்டிலிருந்து பழைய கூட்டாளி ஒருவன் வேலைக்குக் கூப்பிட்டு ஆள் அனுப்பியிருந்தான். அம்மா வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டாள்.

இன்று காலை டீ கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை போட்டியா அக்கா?" என்று கேட்டான். மூன்று கரண்டி போட்டிருந்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவனாகவே டம்ளரைப் பார்த்தபடி, "போட்டிருப்பே, எனக்குத்தான் தெரியலை" என்றான். குடித்து முடித்தான்.


வார்டு_சிஸ்டர் | 20ஆம் நாள், இரவு 8.02

இன்னும் சில வாரம் அப்படித்தான் இருக்கும். இதை அப்படியே டாக்டரிடம் சொல். அடுத்து எப்போது போகிறீர்கள்?


பெகு_தாமரை | 20ஆம் நாள், இரவு 8.10

வெள்ளி காலை பத்து மணிக்கு, ரங்கூனில். பஸ்ஸில் கூட்டம் என்றால் அவனுக்கு மூச்சு முட்டுகிறது, அதுதான் யோசனையாக இருக்கிறது.


லாரிக்காரன்_மோல்மின் | 20ஆம் நாள், இரவு 8.26

வெள்ளி விடியற்காலை நான் சரக்கோடு பெகு வழியாகத்தான் ரங்கூன் போகிறேன். முன் சீட்டில் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். ஆறரைக்கு மெயின் ரோட்டுக்கு வந்து நில்லுங்கள்.